யானை நூலை அச்சேற்றிய தருவை சாஸ்திரியார்

மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரியாரின் பெயரைச் சொன்னால், வடமொழி கற்றோர் உடனே நினைப்பது பாஸ மகாகவியைத்தான். காளிதாசனே தனக்கு முற்பட்டவர் என்று பெயர் சொல்லிப் போற்றிய அந்த நாடகாசிரியரின் நூல்கள் அழிந்தே போயின என்று உலகம் கைவிட்டிருந்த நேரத்தில், 1909-ஆம் ஆண்டில் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் ஓர் ஓலைக் கட்டிலிருந்து அவற்றை வெளிக் கொணர்ந்தவர் அவர். அந்தப் புகழ் பெரியது, நியாயமானது. ஆனால் அந்தப் புகழின் நிழலில் அவருடைய வேறு சில பணிகள் மறைந்து விட்டன. அவற்றுள் ஒன்று, வாயில்லாப் பிராணிகளின் வைத்தியத்தையும் வளர்ப்பையும் பற்றியது.

பாஸனின் முதல் நாடகம் அச்சில் வந்தது 1912-ல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1910-ல், திருவனந்தபுரம் சம்ஸ்கிருத வரிசையின் பத்தாவது நூலாக ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது. அதன் பெயர் 'மாதங்கலீலை'. மாதங்கம் என்றால் யானை. யானையின் பிறப்பு, உறுப்பிலக்கணம், வயது, குணம், மதம், பிடிக்கும் முறை, பேணும் முறை, பாகனின் தகுதி என்று பன்னிரண்டு படலங்களில், முந்நூறுக்கும் குறைவான சுலோகங்களில் சொல்லி முடிக்கும் நூல். இதை இயற்றியவர் கேரளத்தைச் சேர்ந்த நீலகண்டர். பதிப்பித்தவர் நெல்லைச் சீமைக்காரர்.

தருவையிலிருந்து அனந்தபுரிக்கு

திருநெல்வேலிக்கு அருகேயுள்ள தருவை என்னும் சிற்றூரில் 1860-ல் பிறந்தவர் கணபதி சாஸ்திரியார். வேதமும் காவியமும் இலக்கணமும் பரம்பரைச் சொத்தாக வந்த குடும்பம். அந்நாளில் தாமிரபரணிக் கரையில் பிறந்து வடமொழி கற்ற இளைஞனுக்குக் கண்ணெதிரே இருந்த வழிகளில் ஒன்று, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருவனந்தபுரம் போவது. பத்மநாபசுவாமியின் ஊட்டுப்புரையும், பண்டிதர்களை ஆதரிக்கும் அரண்மனையும், கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் ஏற்கெனவே குடியேறியிருந்த தமிழ் அக்கிரகாரங்களும் அவனை அழைத்துக் கொண்டிருந்தன. சாஸ்திரியாரும் இளமையிலேயே அந்த வழியில் வந்தவர்தான். வந்தவர் திரும்பிப் போகவில்லை.

அரசாங்க சம்ஸ்கிருதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பிறகு அதன் தலைவராகவும் உயர்ந்தார். கவிதை எழுதினார்; பாரத நாட்டின் வரலாற்றை வடமொழியிலேயே 'பாரதானுவர்ணனம்' என்று எழுதினார். இவ்வளவோடு நின்றிருந்தால், சமஸ்தானத்துப் பண்டிதர் வரிசையில் ஒருவராக அவர் பெயர் ஒடுங்கிப் போயிருக்கும்.

ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், அரண்மனையிலும் மடங்களிலும் நம்பூதிரி இல்லங்களிலும் கிடந்த ஓலைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து அச்சிட ஒரு தனி இலாகா ஏற்பட்டது. 1905-ல் வரிசையின் முதல் நூல் வந்தது. 1908-ல் சாஸ்திரியார் அந்த இலாகாவின் பொறுப்பை முழுமையாக ஏற்றார். தமிழ்நாட்டில் உ.வே.சாமிநாதையர் வீடு வீடாகச் சென்று சங்க நூல்களைத் தேடிக் கொண்டிருந்த அதே காலம் அது. ஐயரவர்களுக்குக் கும்பகோணமும் சென்னையும் எப்படியோ, சாஸ்திரியாருக்குத் திருவிதாங்கூரின் ஈரக் காற்றும் கறையானும் அப்படி. ஆறு மாதம் மழை பெய்யும் நாட்டில் பனையோலைக்கு ஆயுள் கொஞ்சம். ஒரு தலைமுறை பிரதி எடுக்கத் தவறினால் நூல் போயிற்று.

இதிலே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். காவியச் சுவடியைப் பிரதி எடுக்க யாராவது முன்வருவார்கள். அதில் புண்ணியமும் உண்டு, ரசனையும் உண்டு. யானை வைத்தியம், குதிரை வைத்தியம், மாட்டு வைத்தியம் பற்றிய சுவடிகள் அப்படியல்ல. அவை தொழில் செய்பவர் வீட்டில் இருக்கும். தொழில் தெரிந்தவன் வாயாலேயே மகனுக்குச் சொல்லிக் கொடுத்து விடுவான். ஓலையைத் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை. மகன் வேறு வேலைக்குப் போனால் வாய்ப்பாடமும் போகும், ஓலையும் போகும். இலக்கியப் பண்டிதர்களோ இவற்றைச் சீண்ட மாட்டார்கள். வியாகரணமும் தர்க்கமும் படித்த சாஸ்திரியார் தமது வரிசையின் முதல் பத்து நூல்களுக்குள்ளேயே ஒரு யானை நூலைச் சேர்த்தார் என்பது அதனால்தான் சிறப்பு. பின்னாளில் சிற்பம், வீடு கட்டும் சாஸ்திரம், தந்திரம் ஆகியவற்றையும் அவர் இதேபோல் விடாமல் அச்சேற்றினார். வித்தை என்றால் எல்லாமே வித்தைதான் என்பது அவருடைய கட்சி.

நூலிலே என்ன இருக்கிறது

மாதங்கலீலையின் தொடக்கமே ஒரு வைத்தியக் கதை. அங்க நாட்டில், கங்கைக் கரைச் சம்பா நகரில் ரோமபாதன் என்ற அரசன். காட்டு யானைகள் பயிரை அழிப்பதாகக் குடிகள் முறையிடவே, ஆள் அனுப்பி யானைக் கூட்டத்தைப் பிடித்து வந்து தறியில் கட்டுகிறான். அந்தக் கூட்டத்தோடே காட்டில் வாழ்ந்து, அவை போகும் இடமெல்லாம் போய்க் கொண்டிருந்த பாலகாப்பியர் என்ற முனிவர் திரும்பி வந்து பார்க்கிறார், யானைகளைக் காணவில்லை. தேடிக்கொண்டு சம்பாவுக்கு வருகிறார். கட்டுண்டு, உடம்பெல்லாம் புண்ணாகி நிற்கும் யானைகளைக் கண்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் மருந்திடத் தொடங்குகிறார். அரசன் வந்து யார், எவர் என்று கேட்டும் முதலில் பதில் இல்லை. புண்ணுக்கு மருந்து போட்ட பிறகுதான் பேச்சு. அப்படிப் பிறந்ததே யானை வைத்தியம் என்பது ஐதிகம்.

கதை கதைதான். ஆனால் நம் நாட்டு மிருக வைத்தியத்தின் ஆதிகுருவாகச் சொல்லப்படுபவர், அரசனின் சம்பளக்காரராக அல்ல, அரசன் காயப்படுத்திய பிராணிகளைத் தேடி வந்தவராக அறிமுகமாகிறார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பாலகாப்பியரின் பெயரால் வழங்கும் 'ஹஸ்தி ஆயுர்வேதம்' என்ற பெருநூல் புனா ஆனந்தாசிரம வரிசையில் 1894-லேயே அச்சாகி விட்டது. பெருநோய், சிறுநோய், அறுவை, பின்பகுதி என்று நான்கு பாகங்கள் கொண்ட கடல் அது. பாகனோ யானை உடைமையாளரோ கையில் வைத்துக்கொள்ளக் கூடியதல்ல. மாதங்கலீலை அந்தக் கடலிலிருந்து மொண்ட ஒரு குடம்.

யானைக்கு நோய் ஏன் வருகிறது என்பதற்கும் நூலில் ஒரு புராணம் உண்டு. ஒரு காலத்தில் யானைகள் வானில் பறந்தனவாம். ஆலமரக் கிளையில் உட்கார, கிளை முறிந்தது; கீழே தவமிருந்த முனிவர் சபித்தார். பறக்கும் சக்தி போய், மனிதனுக்கு வாகனம் ஆயின. மண்ணுக்கு வந்ததும் ஒவ்வாத தீனியால் நோய்கள் பிடித்தன. புராணத்தை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பார்த்தால், இயற்கைத் தீனியும் இடமும் மாறினால் யானைக்கு வியாதி என்பது தெளிவு. இன்றைய யானை மருத்துவர்கள், கட்டி வளர்க்கும் யானைகளுக்கு வரும் செரிமானக் கோளாறையும் எரண்டக்கெட்டையும் கால் நோயையும் பற்றிப் பேசும்போது சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

நூலின் சிகரம் பதினொன்றாம் படலம். புதிதாகப் பிடிபட்ட யானையின் நிலையை அது சொல்லும் விதம், வைத்திய நூல் என்பதையே மறக்கச் செய்யும். காட்டிலே பிடிகளோடு திரிந்ததையும், மலைச் சுனையில் குளித்ததையும் நினைத்து நினைத்து, கட்டும் அடியும் கடுஞ்சொல்லும் தாங்காமல், தின்னாமல் மெலிந்து, சில நாளிலேயே பல யானைகள் இறந்துவிடும் என்கிறது நூல். அப்படிப்பட்ட யானையைக் குளிர்ந்த நீரில் இறக்கிக் குளிப்பாட்டி, பசுந்தழையும் இனிய தீனியும் கொடுத்து, நெய் பூசி, மெல்ல மெல்லப் பழக்க வேண்டும் என்பது சிகிச்சை. நோய்க்குக் காரணம் உடம்பில் மட்டுமல்ல, துக்கத்திலும் உண்டு என்று மிருகத்தைப் பற்றி எழுதிவைத்த நூல்கள் உலகில் எத்தனை இருக்கும்?

யானை பிடிக்கும் முறைகள் ஐந்து என்று பத்தாம் படலம் சொல்கிறது. அடைப்புக்குள் ஓட்டிப் பிடிப்பது, பெண் யானையைக் காட்டி வசப்படுத்துவது, பின்தொடர்ந்து பிடிப்பது ஆகியன ஒருபுறம். குழி வெட்டி வீழ்த்துவது மறுபுறம். குழி முறையால் யானை அழியும் என்பதால் அது கூடாது என்பது நூலின் கருத்து.

இங்கேதான் இந்தச் சிறு நூலின் அச்சுக்கு ஒரு கூர்மை வருகிறது. 1910-ல் திருவிதாங்கூர்க் காடுகளில் யானை பிடிக்கப்பட்டது பெரும்பாலும் எந்த முறையில்? குழி முறையில்தான்! கோன்னிப் பக்கத்துக் காடுகளில் யானைத் தாரையில் குழி வெட்டி, மேலே கழியும் இலையும் பரப்பி வைப்பார்கள். விழுந்த யானையைப் பழக்கிய யானைகளைக் கொண்டு ஏற்றி, ஆனக்கூட்டில் அடைப்பார்கள். காலொடிந்தும் உள்காயம் பட்டும் செத்தவை உண்டு. பக்கத்து மைசூரில் சாண்டர்சன் துரை 1870-களிலேயே 'கெட்டா' என்னும் அடைப்பு முறையைக் கொண்டுவந்து, கூட்டமாக, குறைந்த காயத்தோடு பிடித்துக் காட்டியிருந்தார். ஆக, சமஸ்தானத்தின் வனத்தில் குழி. அதே சமஸ்தானத்தின் செலவில் அச்சான நூலில் குழிக்குக் கண்டனம். இந்த முரண்பாட்டை சாஸ்திரியார் பெரிதாக்கவில்லை. அது அவர் வேலையும் அல்ல. சுவடியில் இருந்ததைப் பிழையின்றி அச்சிட்டார், அவ்வளவே. கேரளத்தில் குழி வெட்டும் வழக்கம் ஓய, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, யானை அதன் முதல் அட்டவணையில் ஏறும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பன்னிரண்டாம் படலம் பாகனைப் பற்றியது. அன்பால் அடக்குபவன், யுக்தியால் அடக்குபவன், பலத்தால் அடக்குபவன் என்று பாகரில் மூவகை சொல்வது கேரளத்தில் இன்றும் யானைக்காரர் வாயில் வழங்கும் பேச்சு. திருவிழாக் காலத்தில் மதம் பிடித்த யானையைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், பாகன் எந்த வகை என்று பெரியவர்கள் கேட்பதை இப்போதும் கேட்கலாம்.

நூலில் உள்ள அனைத்தும் வேதவாக்கு என்று கொள்ள வேண்டியதில்லை. யானையின் ஆயுளைப் பத்துப் பத்து ஆண்டாகப் பன்னிரண்டு பருவமாகப் பிரித்து, 120 ஆண்டு என்கிறது. யானை பொதுவாக அறுபது எழுபது வயதுக்கு மேல் வாழ்வதில்லை. கடைசிப் பற்கள் தேய்ந்ததும் மெல்ல முடியாமல் மெலிந்து போகிறது என்பது இன்று தெரிந்த உண்மை. அதேபோல், நல்ல இலக்கணம், கெட்ட இலக்கணம் என்று நகத்தையும் வாலையும் எண்ணிச் சொல்லும் பகுதிகளில் வைத்தியத்தைவிட நம்பிக்கை அதிகம். இந்த நம்பிக்கை இன்றும் யானையின் விலையை ஏற்றுகிறது, இறக்குகிறது.

பதிப்பாசிரியரின் பொறுப்பு

நாடகச் சுவடியில் ஓர் எழுத்து தவறினால் சுவை குறையும். வைத்தியச் சுவடியில் ஓர் எழுத்து தவறினால் உயிர் போகும். அளவைக் குறிக்கும் சொல் ஒன்று, மூலிகையின் பெயர் ஒன்று, 'கூடும்' என்பதற்கும் 'கூடாது' என்பதற்கும் இடையிலுள்ள ஒரே அசை — ஏடெழுதியவன் கை தூங்கிய இடமெல்லாம் ஆபத்து. பல சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தே பாடம் தீர்மானிப்பது சாஸ்திரியாரின் வழக்கம். மலையாள லிபியில் எழுதிய ஓலையைப் படித்து, நாகரி லிபியில் அச்சிட்டார். அதனால் பத்மநாபபுரத்துக்கு அப்பால் யாரும் படிக்க முடியாதிருந்தவை காசியிலும் புனாவிலும் ஐரோப்பாவிலும் படிக்கக் கிடைத்தன.

அந்த நேரத்தில் வெளியே என்ன நடந்து கொண்டிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிரான்சிலே லியோன் நகரில் 1761-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்வி, இந்தியாவுக்கு வந்துவிட்டிருந்தது. சென்னையில் 1903-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. ஆங்கிலேய மருத்துவர்களுக்கு யானை ஒரு தலைவலி. இராணுவத்துக்கும் மரவேலைக்கும் அது வேண்டும். ஆனால் சீமையில் படித்த படிப்பு குதிரையோடும் மாட்டோடும் முடிந்துவிடும். ஸ்டீல் என்பவர் 1885-ல் யானை நோய்களைப் பற்றிச் சென்னையில் ஒரு கையேடு வெளியிட்டார். பர்மாவில் யானைகளிடையே பணியாற்றிய எவன்ஸ் என்பவரின் பெரிய நூல், யானைகளும் அவற்றின் நோய்களும் பற்றியது, ரங்கூனில் அச்சானது 1910-ல். அதே ஆண்டில்தான் திருவனந்தபுரத்தில் மாதங்கலீலை. ஒருவரையொருவர் அறியாத இருவர். ஒருவர் கையில் அறுவைக் கத்தி, மற்றவர் கையில் ஓலை. இரண்டு புத்தகங்களும் ஒரே பிராணிக்காக.

கௌடிலியரின் கால்நடை இலாகா

சாஸ்திரியாரின் கடைசிப் பெரும்பணி கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம். மைசூரில் சாமசாஸ்திரி அதை 1909-ல் முதன்முதலாக அச்சிட்டு உலகை வியக்க வைத்திருந்தார். ஆனால் பல இடங்களில் பொருள் புரியாத முடிச்சுகள். கேரளத்தில் அந்நூலுக்குப் பழைய மலையாள உரை ஒன்று இருந்தது. அதையும் வேறு உரைகளையும் துணைகொண்டு, சாஸ்திரியார் வடமொழியில் ஒரு முழு உரை எழுதி, 1924, 1925-ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டார். மகாராஜாவின் பெயரால் அதற்கு 'ஸ்ரீமூலா' என்று பெயர். பிற்காலத்தில் அர்த்தசாஸ்திரத்தை ஆராய்ந்தவர் யாரும் இந்த உரையைத் தாண்டிப் போக முடிந்ததில்லை.

அர்த்தசாஸ்திரம் என்றதும் சூழ்ச்சியும் ஒற்றும் வரியும்தான் பலர் நினைவுக்கு வரும். அதன் இரண்டாம் அதிகரணத்தில் பசு, குதிரை, யானை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அதிகாரிகளின் கடமை விரிவாக இருக்கிறது. கால்நடைப் பராமரிப்பை ஒரு நிர்வாகமாக நடத்துவது எப்படி என்பதற்கு இதைவிடப் பழைய கையேடு நம்மிடம் வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

எடுத்துக்காட்டாக, வைத்தியரின் பொறுப்பு. சிகிச்சையிலோ மருந்திலோ ஏற்பட்ட தடையால் குதிரையின் நோய் முற்றினால், வைத்தியச் செலவைப் போல் இரு மடங்கு தண்டம். வைத்தியரின் குற்றத்தால் குதிரைக்கே கேடு வந்தால், அந்தக் குதிரையின் விலை தண்டம். பசு, எருமை, கழுதை, ஒட்டகம், ஆடு எல்லாவற்றுக்கும் இதே விதி பொருந்தும் என்றும் நூல் சேர்த்துச் சொல்கிறது. மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவர் மீதே வழக்குத் தொடுக்கலாமா என்று நீதிமன்றங்கள் வாதிடும் நாட்டில், ஆட்டு வைத்தியர் மீதும் பொறுப்பு சுமத்திய பழைய விதி இது. ஒன்றிரண்டு சொற்களில் அடங்கிய சூத்திரங்கள் ஆனதால், எந்தக் குற்றத்துக்கு எந்தத் தண்டம் என்பது உரையின்றி விளங்காது. அங்கேதான் ஸ்ரீமூலா கைகொடுக்கிறது.

யானைக் கொட்டடியின் ஊழியர் பட்டியலில் முதலில் நிற்பவர் வைத்தியர். அவருக்குப் பின்தான் பழக்குபவர், ஏறிச் செல்பவர், பாகர், தீனி சமைப்பவர், புல் கொண்டு வருபவர், சங்கிலி பூட்டுபவர், கொட்டடிக் காவலர், இரவில் அருகே இருப்பவர் என்று வரிசை. வழி நடந்த களைப்பு, நோய், வேலைச் சுமை, மதம், முதுமை ஆகியவற்றால் வாடும் யானைகளுக்கு வைத்தியர் பரிகாரம் செய்ய வேண்டும். முதுமையும் இந்தப் பட்டியலில் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். உழைத்து ஓய்ந்த யானையும் சிகிச்சைக்கு உரியது.

கொட்டடி சுத்தமாக இல்லாவிட்டால், புல் கொடுக்காவிட்டால், வெறுந்தரையில் படுக்கவிட்டால், அடிக்கக் கூடாத இடத்தில் அடித்தால், வேற்றாளை ஏறவிட்டால், அகாலத்தில் ஓட்டினால், துறையில்லாத இடத்தில் நீரில் இறக்கினால் — எல்லாமே தண்டத்துக்குரிய குற்றங்கள். தண்டம் ஊழியரின் படியிலும் சம்பளத்திலும் பிடிக்கப்படும். வைத்தியருக்கும் சமையற்காரருக்கும் காவலருக்கும் யானையின் உணவுப் பண்டத்திலிருந்து சோறும் எண்ணெயும் உப்பும் சிறு பங்காக உண்டு; இறைச்சியில் மட்டும் வைத்தியருக்குப் பங்கு கிடையாது. ஏன் என்று நூல் சொல்லவில்லை. பண்டம் எங்கே கசியும் என்று கௌடிலியருக்குத் தெரியாத இடம் இல்லை!

பசுக்களைப் பற்றிய பகுதி இன்னும் வீட்டுக்கு நெருக்கமானது. கன்று, கிழம், நோயுற்றது ஆகியவற்றை இடையரே கவனித்து மருந்து செய்ய வேண்டும். மிரளும் மாடுகளின் கழுத்தில் மணி கட்ட வேண்டும். பாம்பும் விலங்கும் அஞ்சி விலகவும், மேயும் இடம் தெரியவும் அது உதவும். மழைக்காலம், கூதிர், முன்பனியில் இரு வேளை கறக்கலாம். மற்றப் பருவத்தில் ஒரு வேளைதான். மீறி இரண்டாம் வேளை கறந்தவனுக்குக் கட்டை விரலை வெட்டு என்கிறார் கௌடிலியர். கன்றுக்குப் பால் மிச்சம் வைக்க இவ்வளவு கடுமை! ஈன்ற குதிரைக்கு மூன்று நாள் நெய், பிறகு பத்து நாள் மாவும் மருந்தும் என்ற பத்தியக் கணக்கும் உண்டு. சம்பளப் பட்டியலில் வைத்தியருக்கும் குதிரை பழக்குபவருக்கும் கால்நடை இனம் பெருக்குபவருக்கும் ஒரே அளவாக இரண்டாயிரம் பணம். மாட்டுக்காரனையும் மருத்துவனையும் ஒரே படியில் நிறுத்திய சம்பளக் கமிஷன் அது.

அறுபதைத் தாண்டிய வயதில், தளர்ந்த கண்ணோடு, இத்தனை சூத்திரத்துக்கும் ஒன்று விடாமல் உரை எழுதினார் சாஸ்திரியார். அரசியல் தந்திரம் சொல்லும் இடத்துக்கு எவ்வளவு கவனமோ, குதிரைக்குக் கொள்ளு எத்தனை படி என்று சொல்லும் இடத்துக்கும் அவ்வளவு கவனம். பலர் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போவார்கள். அவர் தாண்டவில்லை.

மறைவும் அதற்குப் பின்னும்

அரசாங்கம் அவருக்கு மகாமகோபாத்தியாய பட்டம் அளித்தது. ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. தருவையிலே பிறந்து, கடல் தாண்டாமலே பெற்ற ஜெர்மன் பட்டம். அர்த்தசாஸ்திர உரையின் கடைசிப் பாகம் வெளிவந்த மறு ஆண்டு, 1926-ல், அவர் காலமானார். அவருக்குப் பின் இலாகாவின் பொறுப்பை ஏற்ற சாம்பசிவ சாஸ்திரி, அவர் துணைகொண்ட அந்தப் பழைய மலையாள உரையையும் அச்சிடத் தொடங்கினார்.

மாதங்கலீலையின் பயணம் அவருக்குப் பிறகும் நிற்கவில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் பிராங்ளின் எட்ஜர்டன், திருவனந்தபுரம் பதிப்பை அடிப்படையாக வைத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, விரிவான முன்னுரையோடு 1931-ல் வெளியிட்டார். யானையைப் பற்றி இந்தியர் அறிந்தது என்ன என்று உலகில் யார் எழுதினாலும் அந்த மொழிபெயர்ப்பைக் காட்டாமல் எழுதுவதில்லை. மலையாள உரையோடு கூடிய பதிப்புகளும் பின்னர் வந்தன. மண்ணுத்தியில் 1955-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபின், கேரளத்தில் யானை மருத்துவம் விஞ்ஞான முறையில் வளர்ந்தது. மயக்க ஊசியும் இரத்தப் பரிசோதனையும் வந்தன. ஆயினும் கர்க்கடக மாதத்தில் குருவாயூர் யானைகளுக்கு ஓய்வும் மருந்துணவும் கொடுக்கும் சுக சிகிச்சையில், பருவத்துக்கேற்பப் பேண வேண்டும் என்ற பழைய படலத்தின் சாயல் தெரிகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த கோட்டூரிலும், ஆதரவற்ற குட்டிகளையும் வயதான யானைகளையும் வைத்துப் பராமரிக்கும் மையம் ஒன்றை வனத்துறை நடத்தி வருகிறது. காலையில் நெய்யாற்று நீரில் அவற்றைக் குளிப்பாட்டுவதைப் பார்க்கலாம்.

மணலிக்கரை இன்று தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1956-ல் எல்லை மாறியது. சாஸ்திரியார் சேர்த்த சுவடிகள் எல்லைக்கு இப்பால், கேரளப் பல்கலைக் கழகத்தின் காரியவட்டம் சுவடி நூலகத்தில் உள்ளன. அவற்றில் அச்சேறாத வைத்தியச் சுவடிகள் இன்னும் உண்டு.